நடந்தது நடந்துவிட்டது, இனி டெஸ்ட்: எச்.ஐ.வி. பயத்தில் இருக்கும் எஸ்டேட் டவுன்காரர்களுக்கு

முதலில் மணியைப் பாருங்கள். சம்பவம் எப்போது நடந்தது, இப்போது மணி என்ன, இடையில் எத்தனை மணி நேரம் போயிருக்கிறது? 72 மணிக்குள் என்றால் இதை முழுக்கப் படித்துக்கொண்டு உட்கார வேண்டாம். அடுத்த தலைப்பை மட்டும் படித்துவிட்டு மோட்டாரை எடுங்கள், மீதியை டாக்டர் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது படித்துக்கொள்ளலாம்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு பார்மசி கவுன்டரில் நிற்கிறவன், டாக்டர் இல்லை. பனடோல் ஒரு அட்டை வாங்கிவிட்டுப் போகாமல், ஷாம்பு அடுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்று, கடையில் ஆள் குறைந்ததும் வந்து மெதுவாகக் கேட்கிறார்களே, அவர்களுக்குச் சொல்கிறதைத்தான் இங்கே எழுதுகிறேன். யார் யாரோடு போனார்கள், அது சரியா தப்பா என்பதெல்லாம் என் வேலை இல்லை.

72 மணிக்குள் என்றால்

உடலுறவுக்குப் பிறகு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க மருந்து இருக்கிறது, பெயர் பெப். கிருமி உள்ளே நுழைந்ததும் உடம்பு முழுக்கப் பரவிவிடுவதில்லை. நுழைந்த இடத்தில் சில செல்களைப் பிடித்து, அங்கே பெருகி, நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ச் சேர அதற்கு இரண்டு மூன்று நாள் வேண்டும். அதற்குள் மாத்திரை ரத்தத்தில் ஏறி, பெருகும் வேலையை நிறுத்திவிட்டால் தொற்று நிலைக்காது. 72 மணிக் கெடு வந்தது இப்படித்தான். அதற்காக இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே என்று படுத்துவிடாதீர்கள், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு பலன். தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

நம் ஊரில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்த மாதிரி சமாச்சாரம் பெரும்பாலும் சனிக்கிழமை இரவில்தான் நடக்கிறது. சனி இரவு 11 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். 72 மணி செவ்வாய் இரவு 11 மணியோடு முடியும். கிளினிக் கெசிஹாத்தான், அதாவது அரசு சுகாதார கிளினிக், திங்கள் காலை 8 மணிக்குத் திறக்கும்போதே 33 மணி நேரம் போய்விட்டிருக்கும், அங்கே போய் "இங்கே அந்த மருந்து இல்லை, ஈப்போவுக்குப் போ" என்றால் இன்னும் அரை நாள் போகும். அதனால் ஞாயிறே ஈப்போவுக்குப் போய்விடுங்கள். இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சுமார்தான். பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளின் எமர்ஜென்சி பகுதி ஞாயிறும் திறந்திருக்கும். ஆனால் கிளம்புவதற்கு முன்னால் போன் போட்டு "பெப் ஸ்டாக் இருக்கிறதா, முதல் டோஸ் இன்றைக்கே கிடைக்குமா" என்று கேட்டுவிட்டுப் போங்கள். பாலியல் நோய்களைப் பார்க்கும் தனியார் கிளினிக்குகளிலும் கிடைக்கும், கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அவை அதிகம்.

காசு விஷயத்தை மறைக்க வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் பெப் முதன்மையாக இரண்டு வகைப்பட்டவர்களுக்கு: வேலையில் ஊசி குத்திக்கொண்ட சுகாதார ஊழியர்கள், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள். தானாகப் போய் மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் கைக்காசு போட வேண்டிவரும். எந்த மருந்து, எந்த இடம் என்பதைப் பொறுத்துச் சில நூறு வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) ஆயிரத்தைத் தாண்டியும் போகும். எஸ்டேட் சம்பளத்துக்கு இது பெரிய அடி, தெரியும். அதனால்தான் கீழே ஆபத்து கணக்கையும் எழுதியிருக்கிறேன், பெப் தேவையே இல்லாத சம்பவத்துக்கு ஆயிரம் வெள்ளி கொட்ட வேண்டாம் என்று.

உங்கள் விருப்பம் இல்லாமல் யாராவது பலவந்தம் செய்திருந்தால், ஆணோ பெண்ணோ, நேராகப் பெரிய அரசு ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போய் ஓ.எஸ்.சி.சி. என்று சொல்லுங்கள், பலவந்தத்துக்கு ஆளானவர்களைப் பார்க்கும் பிரிவு அது. ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். தனி அறையில் வைத்துப் பார்ப்பார்கள். சிகிச்சை முதலில், போலீஸ் ரிப்போர்ட் பற்றி அங்கேயே பேசிக்கொள்ளலாம். குளிக்காமல், உடுப்பை மாற்றாமல் போக முடிந்தால் நல்லது, குளித்துவிட்டாலும் பரவாயில்லை, போங்கள். யாரிடமாவது முதலில் பேச வேண்டும் என்றால் தாலியான் காசே என்கிற அரசு உதவி எண் 15999, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

டாக்டரிடம் சுற்றி வளைக்காதீர்கள். "நேற்று இரவு இத்தனை மணிக்கு, ஆணுறை இல்லாமல், இந்த வகை உடலுறவு" என்று மூன்று விஷயத்தைச் சொன்னால் போதும், ஆள் பெயர் வேண்டாம். ஆணோடு ஆண் என்றால் சொல்ல வாய் வராது, சட்டத்தை நினைத்துப் பயம் வேறு. ஆனால் அதைச் சொல்லாவிட்டால் டாக்டர் ஆபத்தைக் குறைத்து எடைபோட்டு "தேவையில்லை" என்று அனுப்பிவிடக்கூடும். டாக்டர் கேட்பது மருந்து தீர்மானிக்க. அப்புறம் நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகளைச் சொல்லியே ஆக வேண்டும். பெப்பில் இன்று அதிகம் கொடுப்பது டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் இரண்டும் சேர்ந்த ஒரு மாத்திரை, கூடவே டோலுடெக்ராவிர் மாதிரி இன்னொன்று. இந்த டோலுடெக்ராவிர், இனிப்பு நீருக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மினின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், நம் ஆட்களில் நாற்பது வயதுக்கு மேல் பாதிப் பேர் பையில் அந்த மாத்திரை இருக்கும் என்பதால் சொல்கிறேன். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை, காஸ்ட்ரிக்குக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து இவற்றோடு சேர்த்து விழுங்கினால் டோலுடெக்ராவிர் சரியாக உடம்பில் சேராது. அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் அல்லது ஆறு மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும். கல்லீரல் பி (ஹெபடைட்டிஸ் பி) கிருமி இருப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும், டெனோஃபோவிரைத் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் வீங்கலாம். சிறுநீரகத்துக்கும் ரத்தம் எடுப்பார்கள். முதல் வாரம் கொஞ்சம் குமட்டும், தலைவலிக்கும். வாந்தி வருகிறது என்று பதினைந்தாம் நாள் நிறுத்திவிடாதீர்கள், போன் போட்டுக் கேளுங்கள்.

பெண்களுக்கு: இதே 72 மணிக்குள் கருத்தடை அவசர மாத்திரையும் உண்டு, டாக்டர் சீட்டு இல்லாமலே பார்மசிஸ்ட்டிடம் கேட்டு வாங்கலாம். எச்.ஐ.வி. பயத்தில் இதை மறந்துவிடுகிறார்கள்.

செய்யக் கூடாதவை: டெட்டால் ஊற்றிக் கழுவாதீர்கள். உள்ளே பீச்சிக் கழுவாதீர்கள், தோல் புண்ணாகி ஆபத்து கூடும். சாதாரணத் தண்ணீர் போதும். வீட்டில் மிச்சம் இருக்கும் ஆன்டிபயாட்டிக் எச்.ஐ.வி.க்கு வேலை செய்யாது. கஷாயமும் அப்படித்தான். எச்.ஐ.வி.க்கு மருந்து சாப்பிடும் நண்பரிடம் நாலு மாத்திரை கடன் வாங்கிப் போட்டுக்கொள்வதும் வேண்டாம். எங்கள் கவுன்டரில் வந்து "அண்ணே, அந்த மாத்திரை சும்மா கொடுங்களேன்" என்று கேட்டாலும் கிடைக்காது, சீட்டு வேண்டும்.

உண்மையில் ஆபத்து இருந்ததா

எங்கள் கடையில் கேட்கிறவர்களில் பலருக்கு ஆபத்தே இருந்திருக்காது. முத்தம், கட்டிப்பிடிப்பு, கையால் செய்தது, ஒரே கிளாசில் கள்ளு குடித்தது, மசாஜ் கடையில் உடம்பு பிடித்துவிட்டது, பொதுக் கழிப்பறை, கொசு எதிலும் எச்.ஐ.வி. பரவாது. கொசுவில் பரவும் என்றால் செம்பனைக் காட்டில் வேலை செய்கிற ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டோம். ஆணுறை கிழியாமல், கழன்று விழாமல் முழு நேரமும் இருந்திருந்தால் தூங்கப் போங்கள். வாய்வழி உறவில் ஆபத்து மிக மிகக் குறைவு, வாயில் புண், ரத்தம் என்று இருந்தால் கொஞ்சம் கூடும்.

மற்றதற்கு எண்ணாகச் சொல்கிறேன், அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் கணக்கு. எதிராளிக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, அவர் மருந்தும் சாப்பிடவில்லை, ஆணுறையும் இல்லை என்று வைத்துக்கொண்டால், பத்தாயிரம் தடவை உறவுக்கு இத்தனை தொற்று: பெண்ணோடு யோனிவழி உறவு கொண்ட ஆணுக்கு 4, அந்தப் பெண்ணுக்கு 8, ஆசனவழியில் செய்கிறவருக்கு 11, ஆசனவழியில் வாங்கிக்கொள்கிறவருக்கு 138. ஒரே ஊசியில் போதைமருந்து ஏற்றிக்கொண்டால் 63. எதிராளிக்கு உண்மையிலேயே எச்.ஐ.வி. இருந்தால்தான் இந்த எண்கள், அது இருக்கிறதா என்பதே உங்களுக்குத் தெரியாது. அதே சமயம் இவை சராசரி. யாருக்காவது புண் இருந்தாலோ, வேறு பாலியல் நோய் இருந்தாலோ, எதிராளிக்கு இப்போதுதான் புதிதாகத் தொற்றியிருந்தாலோ எண் ஏறும். நாலு பத்தாயிரத்தில் என்று கேட்டதும் "அப்போ டெஸ்ட் வேண்டாம்" என்று முடிவு செய்யாதீர்கள். டெஸ்ட் எடுக்க வேண்டும், அதற்காக இன்றைக்கே செத்துவிட்டதுபோல் இருக்க வேண்டியதில்லை.

எதிராளி "எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, ஆனால் ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறேன், ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்திருக்கிறது" என்று சொன்னவராக இருந்தால், அவரிடமிருந்து உடலுறவில் தொற்று வராது. ஆராய்ச்சியில் உறுதியான விஷயம் இது. "எனக்கு ஒன்றுமில்லை, பார், எவ்வளவு குண்டா இருக்கேன்" என்று சொல்கிறவரைவிட இவர் பாதுகாப்பானவர்.

72 மணி தாண்டிவிட்டது: இனி தேதி

இங்கேதான் நம் ஆட்கள் குழம்புகிறார்கள். மூன்றாம் நாள் போய் டெஸ்ட் எடுத்து "நெகட்டிவ்" என்று சந்தோஷப்பட்டு, அப்புறம் அது செல்லாது என்று யாரோ சொல்லக் கேட்டு மறுபடி தூக்கம் போய், பத்தாம் நாள் இன்னொன்று, இருபதாம் நாள் இன்னொன்று என்று காசை இறைக்கிறார்கள். கிருமி வந்ததும் டெஸ்ட்டில் தெரியாது, தெரிய வேண்டிய அளவுக்கு வளர நாள் வேண்டும்.

கையில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து லேபில் செய்யும் நாலாம் தலைமுறை டெஸ்ட் கிருமியின் பி24 என்கிற புரதத்தையும் நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும். 18 நாளிலிருந்து கண்டுபிடிக்கத் தொடங்கும், 45 நாளில் நெகட்டிவ் என்றால் நம்பலாம். விரலில் குத்திச் சொட்டு ரத்தம் எடுப்பதும், வீட்டிலேயே செய்துகொள்ளும் கிட்டும் 90 நாள் தாண்டினால்தான் முழு நம்பிக்கை. கிருமியின் மரபணுவையே தேடும் டெஸ்ட்டும் இருக்கிறது, 10 நாளிலிருந்து 33 நாளுக்குள் காட்டும், ஆனால் விலை அதிகம், சாதாரணமாகத் தேவையும் இல்லை.

உதாரணத்துக்கு மார்ச் 1 அன்று சம்பவம் என்றால், ஏப்ரல் 15 லேப் டெஸ்ட், மே 30 விரல் டெஸ்ட். போனில் இந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். வீட்டுச் சுவர் காலண்டரில் வட்டம் போடாதீர்கள், அதை அம்மாவும் பார்ப்பார். நடுவில் பொறுக்க முடியவில்லை என்றால் நாலு வாரத்தில் ஒரு லேப் டெஸ்ட் எடுங்கள், அந்த நெகட்டிவ் பெரிய ஆறுதல்தான், ஆனால் கடைசி வார்த்தை 45ஆம் நாளுக்குப் பிறகு எடுப்பதுதான். கிளினிக்கில் "மூணு மாசம் கழித்து மறுபடி வாங்க" என்று சொன்னாலும் போய்வாருங்கள், அவர்கள் எந்த டெஸ்ட் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்த விஷயம் அது.

பெப் சாப்பிட்டவர்களுக்குக் கணக்கு வேறு. மருந்து கிருமியை அமுக்கி வைத்தால் டெஸ்ட்டில் தெரிவதும் தள்ளிப்போகும், அதனால் 45 நாளைச் சம்பவ நாளிலிருந்து எண்ணாமல் கடைசி மாத்திரை சாப்பிட்ட நாளிலிருந்து எண்ணுங்கள். டாக்டர் தரும் தேதி எப்படியும் மூன்று மாதத்தை ஒட்டித்தான் இருக்கும்.

காய்ச்சல் வந்துவிட்டதே

இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் சிவப்புத் தடிப்பு, கழுத்தில் நெறி கட்டுவது, இதெல்லாம் புதிய எச்.ஐ.வி. தொற்றில் வருகிறது என்று போனில் படித்துவிட்டு, தினமும் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்க்கிறார்கள். தே தாரிக் குடித்த நாக்கு வெள்ளையாகத்தான் இருக்கும். தொற்றியவர்களில் பலருக்கு ஒரு அறிகுறியும் வருவதில்லை, அறிகுறி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எச்.ஐ.வி. இல்லை. அறிகுறியை வைத்து இரண்டு பக்கமும் முடிவு செய்ய முடியாது.

ஆனால் காய்ச்சலை அலட்சியமும் செய்யாதீர்கள், நம் ஊரில் அதற்கு வேறு காரணம் இருக்கிறது. டெங்கிக்கும் இதே காய்ச்சல், இதே உடம்பு வலி, இதே தடிப்பு. எலி மூத்திரத்தில் வரும் நோயும் எஸ்டேட்டில் உண்டு, காலில் வெட்டுக் காயத்தோடு கால்வாய்த் தண்ணீரில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு. எச்.ஐ.வி. என்று தானே முடிவுகட்டி, வெளியே தெரிந்துவிடும் என்று கிளினிக்குக்குப் போகாமல் டெங்கியோடு வீட்டில் படுத்துக் கிடந்தால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் என்றால் போய் டெங்கி டெஸ்ட் எடுங்கள். எச்.ஐ.வி. பற்றி அன்றைக்கு வாயே திறக்க வேண்டாம் என்றாலும் சரி.

ரத்த தானம் செய்து கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோயிலிலோ பள்ளி மண்டபத்திலோ ரத்த தான முகாம் போடுவார்கள், அங்கே கொடுத்தால் இலவசமாக டெஸ்ட் செய்துவிடுவார்கள், ஏதாவது இருந்தால் கடிதம் வரும் என்று ஒரு யோசனை சிலருக்கு. கெட்டிக்காரத்தனம் மாதிரி தெரியும், செய்யாதீர்கள். தொற்றின் முதல் நாட்களில் எந்த டெஸ்ட்டிலும் தெரியாத இடைவெளி ஒன்று உண்டு, அந்த நேரத்தில் கொடுத்த ரத்தம் டெஸ்ட்டைத் தாண்டிப் போய் விபத்தில் அடிபட்ட ஒருவருக்கோ தலசீமியா பிள்ளைக்கோ ஏறிவிடும். தானம் செய்வதற்கு முன்னால் நிரப்பும் பாரத்தில் இந்தக் கேள்விகள் எல்லாம் இருக்கும், பொய்யாக டிக் போட்டுக் கையெழுத்து வைத்தால் சட்டப் பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும். முகாமில் நண்பர்கள் கையைப் பிடித்து இழுத்தால் "ராத்திரி தூங்கலை, பிரஷர் மருந்து சாப்பிடுறேன்" என்று ஏதாவது சொல்லித் தப்பிவிடுங்கள்.

எங்கே போய் எடுப்பது

கிளினிக் கெசிஹாத்தான்தான் முதல் இடம். பதிவுக்கு ஒரு வெள்ளி, எச்.ஐ.வி. டெஸ்ட்டுக்கு மலேசியர்களிடம் காசு வாங்குவதில்லை. பெயர் கொடுக்காமல் டெஸ்ட் எடுக்கும் வசதியும் உண்டு, பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டு எண் தருவார்கள். கவுன்டரில் "சாய நாக் பூவாட் சாரிங்கான் எச்.ஐ.வி., தன்பா நாமா" (பெயர் இல்லாமல் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்க வேண்டும்) என்று மலாயில் சொன்னால் புரிந்துகொள்வார்கள். வெட்கமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். அவர்களுக்கு இது புதுசே இல்லை. முஸ்லிம்கள் கல்யாணத்துக்கு முன்னால் கட்டாயம் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்க வேண்டும், கர்ப்பமாகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் அதே கிளினிக்கில் எடுக்கிறார்கள். உங்கள் அக்காவும் எடுத்திருப்பார், பக்கத்து லயத்து மாமியும் எடுத்திருப்பார். அப்படி எடுத்ததால்தான் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவை அறிவித்தது.

சரி, பிரச்சினை கிளினிக்கில் இல்லை, அங்கே உட்கார்ந்திருக்கும் தெரிந்த முகங்களில் இருக்கிறது. மிஸி (நர்ஸ்) உங்களுக்குச் சித்தி முறையாக இருப்பார், பக்கத்து நாற்காலியில் மண்டோர் பெண்டாட்டி பிரஷருக்குக் காத்திருப்பார். வேறு ஊர் கிளினிக்குக்குப் போங்கள். உங்கள் வட்டாரத்து கிளினிக்கில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, கோலகங்சார் போகலாம், ஈப்போவில் ஏதாவது ஒன்றுக்குப் போகலாம். காலையிலேயே போங்கள், ரத்தம் எடுக்கிற வேலை காலையில்தான் சுறுசுறுப்பாக நடக்கும். வெள்ளிக்கிழமை மதியம் போய்விடாதீர்கள், நீண்ட இடைவேளையில் மாட்டிக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்பீர்கள், நிற்பதை நாலு பேர் பார்ப்பார்கள்.

எஸ்டேட் கிளினிக் டிரெஸ்ஸரிடம் போகலாமா என்று கேட்பார்கள். நல்ல மனிதர் பலர் இருக்கிறார்கள், ஆனால் அவர் உங்கள் அப்பாவோடு சாயங்காலம் ஒட்டுக்கடையில் உட்கார்கிறவர். உங்களுக்கே தர்மசங்கடம், அவருக்கும்தான். கம்பெனி பேனல் கிளினிக்கையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பில் ஆபீசுக்குப் போகும், அதில் என்ன டெஸ்ட் என்று எழுதியிருந்தால் கிராணி படிப்பார். தனியார் கிளினிக் என்றால் சொந்தக் காசு கொடுத்து, பேனல் அட்டையைக் காட்டாமல் எடுங்கள். எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) வேண்டுமானால் அதில் காரணம் எழுத வேண்டாம் என்று சொல்லலாம்.

வீட்டிலேயே செய்யும் கிட் சில பார்மசிகளில் கிடைக்கும், எச்சில் எடுப்பது ஒரு வகை, விரல் ரத்தம் ஒரு வகை. பெட்டியில் மலேசிய மருத்துவக் கருவி ஆணையத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இணையக் கடையில் ஐந்து வெள்ளிக்கு வருகிறதே என்று வாங்காதீர்கள். எச்சில் கிட் என்றால் சாப்பிட்டவுடன், பல் விளக்கியவுடன் செய்யக் கூடாது, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கும். பத்துப் பேர் இருக்கிற லயத்து வீட்டில் இருபது நிமிடம் தனியாக இருக்க இடம் இருக்கிறதா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் கேட்பார்கள். தமிழ்நாட்டிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ பெர்மிட்டில் வேலைக்கு வந்தவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குச் செய்யும் ஃபொமீமா மருத்துவப் பரிசோதனையிலேயே எச்.ஐ.வி. டெஸ்ட் இருக்கிறது, அதில் வந்துவிட்டால் வேலை பெர்மிட்டே போய்விடும். அதற்காக டெஸ்ட் எடுக்காமல் இருந்தால் உடம்புதான் கெடும். மலேசிய எய்ட்ஸ் மன்றத்தைத் தொடர்புகொண்டு என்ன வழி இருக்கிறது என்று முதலில் பேசுங்கள்.

காத்திருக்கும் ஆறு வாரம்

கல்யாணமானவர்களுக்கு இதுதான் கஷ்டமான பகுதி. ரிசல்ட் வரும்வரை மனைவியோடும் கணவரோடும் ஆணுறை இல்லாமல் கூடாது. எப்படிச் சமாளிப்பது என்பது உங்கள் சாமர்த்தியம், நைட் ஷிப்ட், முதுகுவலி, சபரிமலைக்கு மாலை, எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் விட்டுக்கொடுக்காதீர்கள். புதிதாகத் தொற்றிய முதல் வாரங்களில்தான் ரத்தத்தில் கிருமி உச்சத்தில் இருக்கும், அடுத்தவருக்குப் போகும் வாய்ப்பும் அப்போதுதான் அதிகம். வீட்டில் மனைவி கர்ப்பமாகவோ பால் கொடுத்துக்கொண்டோ இருந்தால் இந்த ஒரு விஷயத்தில் எந்தச் சமாதானமும் வேண்டாம்.

எச்.ஐ.வி. ஒன்றையே நினைத்து மற்றதை விட்டுவிடுகிறார்கள். மேகவெட்டை, கிளமிடியா, சிபிலிஸ் எல்லாம் எச்.ஐ.வி.யைவிடச் சுலபமாகத் தொற்றும். ஒரு வாரத்துக்குள் சிறுநீர் போகும்போது எரிச்சல், சீழ் என்று வந்தால் மேகவெட்டையாக இருக்கலாம், உடனே போங்கள், மருந்தில் தீரும். ஒன்றும் தெரியாவிட்டாலும் இரண்டு வாரம் கழித்துச் சிறுநீர் டெஸ்ட் எடுக்கலாம். சிபிலிஸ் புண் வலிக்காது, அதனால் தெரியாமலே ஆறிப்போகும், ஆனால் நோய் உள்ளேயே இருக்கும். எச்.ஐ.வி.க்கு ரத்தம் எடுக்கும் அன்றைக்கே அதற்கும் சேர்த்து எடுக்கச் சொல்லி, மூன்று மாதத்தில் ஒரு முறை திரும்பப் பாருங்கள். கல்லீரல் பி தடுப்பூசி 1989இலிருந்து இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள், அதற்கு முன்னால் பிறந்தவர்கள் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

தூக்கம் வராமல் தினமும் போனில் தேடித் தேடிப் படிப்பவர்களுக்கு ஒரு யோசனை: இரவில் தேடுவதை நிறுத்துங்கள், பகலில் ஒரு டாக்டரிடம் ஒரே ஒரு தடவை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாழவே வேண்டாம் போல் இருந்தால் பிஃப்ரெண்டர்ஸ் என்கிற மன ஆறுதல் உதவி எண் 03-76272929, எந்த நேரமும் பேசலாம், பெயர் கேட்க மாட்டார்கள். நாள் முடிந்து எடுத்த டெஸ்ட் நெகட்டிவ் என்றால் கணக்கு தீர்ந்தது. அதற்குப் பிறகும் நாலாவது, ஐந்தாவது டெஸ்ட்டுக்கு அலைகிறவர்களுக்கு உறுத்துவது பெரும்பாலும் மனச்சாட்சி, அது எந்த ரத்த டெஸ்ட்டிலும் நெகட்டிவ் ஆகாது. மனநல ஆலோசகரிடம் போவது இரத்தம் எடுப்பதைவிடப் பயன்படும்.

பாசிட்டிவ் என்று வந்தால்

விரல் டெஸ்ட்டிலோ கிட்டிலோ இரண்டாவது கோடு வந்தால் அது முடிவு இல்லை. லேபில் உறுதி செய்யும் டெஸ்ட் வேண்டும், சில சமயம் கிட் தப்பாகவும் காட்டும். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு உடனே யாருக்கும் போன் போட்டு அழுது சொல்லாதீர்கள். இந்த டவுனில் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க முடியாது. கிட்டைப் படம் பிடித்துக்கொண்டு கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள், இந்தக் கட்டத்தில் பெயரும் ஐசியும் (அடையாள அட்டை) கொடுக்க வேண்டிவரும். சட்டப்படி எச்.ஐ.வி. தொற்றை டாக்டர் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிப்பது இலாகாவுக்கு, எஸ்டேட் ஆபீசுக்கு இல்லை.

உறுதியானால் மருந்து. மலேசியர்களுக்கு முதல் நிலை மருந்து 2006இலிருந்து அரசு இலவசமாகக் கொடுக்கிறது. கிளினிக்கில் குடும்ப மருத்துவ நிபுணர் பார்ப்பார், இல்லாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார். ஒழுங்காகச் சாப்பிட்டால் கிருமி தெரியாத அளவுக்குக் குறையும், அடுத்தவருக்குப் பரவாது, பிள்ளை பெற்றுக்கொள்ளலாம், மற்றவர்களைப் போலவே நீண்ட நாள் வாழலாம். 1986இல் முதல் நோயாளி கண்டுபிடிக்கப்பட்டபோது இருந்த நிலைமை இப்போது இல்லை. சிரமம் மாத்திரையில் இல்லை, மாத்திரையை வீட்டில் எங்கே வைப்பது என்பதில்தான், விட்டமின் டப்பாவில் மாற்றிப் போட்டு வைப்பவர்கள் உண்டு. மாற்றலாமா என்று மட்டும் பார்மசிஸ்ட்டிடம் கேட்டுவிடுங்கள், சில மாத்திரைகள் ஈரம் படாமல் அதே டப்பாவில்தான் இருக்க வேண்டும்.

அடுத்த முறைக்கு

இது மறுபடி நடக்கும் என்று உங்களுக்கே தெரிந்தால், ஒவ்வொரு தடவையும் 72 மணி ஓட்டம் ஓடாமல் ப்ரெப் பற்றிக் கேளுங்கள். முன்கூட்டியே சாப்பிட்டு வைக்கும் மாத்திரை அது. 2023இலிருந்து தேர்ந்தெடுத்த சில அரசு கிளினிக்குகளில் இலவசமாகக் கொடுக்கிறார்கள், உங்கள் பக்கத்தில் எது என்று கிளினிக்கில் விசாரிக்கலாம். தொடங்கும் முன் எச்.ஐ.வி. இல்லை என்று டெஸ்ட் எடுக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை திரும்பப் பார்ப்பார்கள். சிபிலிஸ், மேகவெட்டைக்கு அது உதவாது, அதற்கு ஆணுறைதான்.

ஆணுறையை மோட்டார் சீட்டுக்கு அடியிலோ பின் பாக்கெட் பர்சிலோ மாதக்கணக்கில் வைக்காதீர்கள். மத்தியான வெயிலில் சீட்டுக்கு அடியில் கையை வைத்துப் பாருங்கள், அந்தச் சூட்டில் ரப்பர் நைந்துபோகும், நம்மைவிட ரப்பரைப் பற்றி யாருக்குத் தெரியும். தேங்காய் எண்ணெய், பேபி ஆயில், வேசலின் எதுவும் அதோடு சேரக் கூடாது, சில நிமிடத்திலேயே பலவீனமாகிக் கிழியும். தண்ணீரில் கரையும் ஜெல் எங்கள் கவுன்டருக்குப் பக்கத்திலேயே, பேட்டரி தொங்கும் வரிசைக்குக் கீழே இருக்கிறது, கேட்கக்கூட வேண்டாம், எடுத்து வந்து வைத்தால் பையில் போட்டுக் கொடுத்துவிடுவோம்.